கர்னலில் சாவியைத் திருப்பி வைத்தல்: ஒரு வரித் திருத்தமும் மூன்று நாள் ரிவ்யூவும்

கேள்வி (18 ஆகஸ்ட் 2025)

எங்கள் டீம் வைத்திருக்கும் லினக்ஸ் கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், பாஸ்வேர்டு மாதிரியான ரகசியச் சாவிகளைப் பார்த்துக்கொள்ளும் பகுதியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எடுத்த சாவியைத் திருப்பி வைக்கும் கீ_புட், அவ்வளவுதான். கம்பைல் ஆகிறது, டெஸ்ட் எல்லாம் ஓடுகிறது. ஆனால் மூன்று நாளாக ரிவ்யூவில், இன்னொருவர் படித்துச் சம்மதம் சொல்லும் கட்டத்தில், நிற்கிறது. ஒரு வரியில் மூன்று நாள் பார்க்க என்ன இருக்கிறது? டெஸ்ட் ஓடினால் உள்ளே விட வேண்டும், உடைந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இது என் கருத்து.

பதில் (18 ஆகஸ்ட், இரவு)

அதே கீ_புட் ஓர் இடத்தில் இல்லாமல் போனதால் என்ன ஆனது என்று சொல்கிறேன்.

2016 ஜனவரியில் பெர்செப்ஷன் பாயின்ட் என்ற பாதுகாப்புக் குழு ஓர் ஓட்டையை வெளியிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2016-0728. இடம், ஜாயின்_செஷன்_கீரிங் என்ற ஃபங்ஷன். "இந்தப் பெயருள்ள சாவிக்கொத்தை எனக்குக் கொடு" என்று ஒரு புரோகிராம் கர்னலிடம் கேட்டால் ஓடுவது அது. முதலில் பெயரை வைத்துக் கொத்தைத் தேடும். கிடைத்தவுடன் அதன் ரெஃபரன்ஸ் கவுன்ட்டில், அதாவது அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையில், ஒன்று கூட்டும். அப்புறம் ஒரு சரிபார்ப்பு: கேட்டவர் கையில் ஏற்கெனவே இருப்பதும் இதே கொத்துதானா? ஆமாம் என்றால் செய்ய வேறு வேலை இல்லை. பூஜ்யத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடும். கூட்டிய ஒன்றைக் கழிக்காமலே போய்விடும்.

இதுதான் முழு ஓட்டையும். கேட்டவருக்குப் பிழை எதுவும் வராது, "சரி" என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எண்ணிக்கை ஒன்று ஏறும். அந்த எண்ணுக்கு இடம் 32 பிட். கேட்டுக்கொண்டே இருந்தால் நிரம்பி வழிந்து மறுபடி பூஜ்யத்துக்கு வரும். பூஜ்யம் என்றால் யாரும் பிடிக்கவில்லை என்று கர்னல் எடுத்துக்கொண்டு அந்தக் கொத்தின் மெமரியை விடுவித்துவிடும். பிடித்திருப்பவரோ இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருப்பார். விடுவித்த இடத்தில் அவர் தனக்கு வேண்டியதை நிரப்பிவிட்டு, கர்னலை அதன் வழியே நடக்கவிட்டால் ரூட் அதிகாரம், அதாவது கம்ப்யூட்டரின் முழு அதிகாரம், கைக்கு வரும். இதற்கு முன் அனுமதி எதுவும் வேண்டாம், சாதாரணப் பயனராக இருந்தால் போதும்.

திருத்தம் ஒரு வரி. வெளியே போகும் முன் கீ_புட்.

3.8 பதிப்பில், அதாவது 2013-ல், உள்ளே வந்தது இது. ஏறக்குறைய மூன்று வருஷம் எல்லோர் கண் முன்னாலும் இருந்திருக்கிறது.

19 ஆகஸ்ட், காலை

நேற்று ஒன்று விட்டுப்போயிற்று. "டெஸ்ட் ஓடினால் போதாதா" என்று கேட்டீர்களே, அந்தக் குறியீட்டுக்கும் டெஸ்ட் ஓடியிருக்கும். ஒரு முறை கேட்டால் சரியான பதில், நூறு முறை கேட்டாலும் சரியான பதில். வழியவைக்க 429 கோடியே சொச்சம் முறை கேட்க வேண்டும். வெளியிட்டவர்கள் ஐ7-5500 பிராசசரில் அதை அரை மணி நேரத்தில் செய்து காட்டினார்கள். ஒரே கேள்வியை அரை மணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கும் டெஸ்ட்டை யார் எழுதி வைப்பார்கள்?

ஆனால் ஒரு தடயம் மட்டும் வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. /பிராக்/கீஸ் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரி. முதல் பத்தி சாவியின் எண், இரண்டாவது கொடிகள், அதாவது சாவியின் நிலையைக் காட்டும் குறிகள், மூன்றாவது இந்த எண்ணிக்கை. கேட்கும்போதெல்லாம் அது ஏறுவதை யாரும் பார்த்திருக்கலாம். பார்க்கத் தோன்றாது, அவ்வளவுதான்.

20 ஆகஸ்ட்

அப்பாவின் சிட்டையைப் பற்றிச் சொன்னால் இது இன்னும் விளங்கும்.

என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் பங்கு நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்கு. ஒரு புள்ளி சென்னையில், ஒன்று கோயம்புத்தூரில், இரண்டு மலேசியாவில். கல்யாணம், சாந்தி, கோயில் விசேஷம் என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டித்தான் கிடக்கும். முகப்புக் கதவின் சாவி ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு, சின்ன வயதில் இரண்டு கையாலும்தான் அதைத் தூக்குவேன். வளவைச் சுற்றி, அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, ஆளுக்கொரு அறை, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. எல்லாம் எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும். யார் வாங்கினாலும் அப்பா சிட்டையில் தேதி, பெயர், எந்தச் சாவி என்று எழுதுவார். திருப்பிக் கொடுத்தால் அந்த வரியைக் கோடு அடிப்பார்.

ஒரு தை மாதம் அப்பாவுக்குக் காய்ச்சல், சித்தப்பா பார்த்துக்கொண்டார். வீட்டில் தங்கியிருந்த ஒரு செட்டியார் வீட்டுப் பிள்ளை வந்து முகப்புச் சாவி கேட்டிருக்கிறார். சித்தப்பா சிட்டையில் பெயரை எழுதிவிட்டு ஆணியைப் பார்த்தால் சாவி இல்லை. மேலே புரட்டினால் அதே பெயர். "தம்பி, நீங்கதான் முந்தாநாளே வாங்கிட்டுப் போயிருக்கீங்க" என்று சொல்ல, அவரும் பையைத் தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எழுதிய வரி அப்படியே நின்றுவிட்டது.

ஊருக்குப் போகும்போது அந்தப் பிள்ளை சாவியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வரிக்குக் கோடு விழுந்தது, இன்னொன்று பாக்கி. அப்பா குணமாகி வந்து பார்த்துவிட்டு, முகப்புக் கதவுக்கு மாற்றுச் சாவி ஒன்று வெளியே உலாவுகிறது என்று நாலு மாதம் தூங்கவில்லை. கடைசியில் வீட்டுக்கார ஆச்சியிடம் போனில் கேட்டுப் புதுப் பூட்டு போட்டார்கள்.

ஜாயின்_செஷன்_கீரிங்கில் நடந்தது இதேதான். கேட்டவர் உள்ளே இருக்கிறார், கேட்டது ஏற்கெனவே கையில் இருக்கிறது, எழுதிவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

20 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னது: "சாவியக் குடுக்குறப்ப எல்லாரும் கவனமாத்தான் இருப்பாங்க ஆத்தா. திரும்ப வாங்குறப்பதான் கண்ணு பஸ்ஸு மேல இருக்கும்."

ரிவ்யூவில் நான் தேடுவது இந்த இடத்தைத்தான்.

23 ஆகஸ்ட்

சிட்டை உதாரணத்தில் ஒரு பிசகு, நானே திருத்துகிறேன். சிட்டையில் ஒரு வரி கூடுதலாக நின்றால் அப்பா அதிக எச்சரிக்கையானார். சாவி வெளியே இருக்கிறது என்று நினைத்துப் பூட்டை மாற்றினார். பணம்தான் நஷ்டம், வீடு பத்திரம். கர்னலில் நடந்தது தலைகீழ். எண்ணிக்கை ஏறி ஏறி ஒரு கட்டத்தில் "வெளியே ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டது. காகிதம் நிரம்பினால் அடுத்த பக்கம் போகலாம், 32 பிட்டில் அடுத்த பக்கம் கிடையாது.

இதற்குப் பின்னால் வந்த மாற்றம் என் மனசுக்கு மிகவும் பிடித்தது. 2017-ல் ரெஃப்கவுன்ட்_டி என்று ஒரு தனி வகையைக் கர்னலில் சேர்த்தார்கள், அதே வருஷம் சாவிகளின் எண்ணிக்கையையும் அதற்கு மாற்றினார்கள். அது உச்சிக்குப் போனால் வழியாது, அங்கேயே நின்றுவிடும். நின்றபின் அந்தச் சாவியின் மெமரி விடுதலையே ஆகாது. மெமரி வீண்தான், ஆனால் யாரும் உள்ளே நுழைய முடியாது. அதாவது கர்னலை அப்பாவின் சிட்டை மாதிரி நடந்துகொள்ள வைத்துவிட்டார்கள். கணக்கில் குழப்பம் வந்தால் பூட்டியே வை.

அதனால் 18-ம் தேதி நான் சொன்னதில் ஒரு பகுதி இன்றைக்குப் பொருந்தாது. இன்று யாராவது ஒரு கீ_புட்டை மறந்தால் அந்த வழியாக ரூட் கிடைக்காது, லீக் மட்டும் ஆகும், அதாவது விட வேண்டிய மெமரி வீணாக நிற்கும். உங்கள் டீம் 2017-க்கு முந்தைய கர்னலை வைத்திருந்தால் மட்டும் முழுக் கதையும் பொருந்தும். ரௌட்டர், கேமரா மாதிரிக் கருவிகளில் இன்னும் அத்தனை பழையதைப் பார்க்கிறேன்.

27 ஆகஸ்ட்

இன்று சதுர்த்தி, பிள்ளையார்பட்டி பக்கம் வண்டி நகரவில்லை. வீட்டில் உட்கார்ந்து கொழுக்கட்டை சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: கர்னல் ஏன் சாவி வைத்துக்கொள்ள வேண்டும், அது புரோகிராமின் வேலை இல்லையா?

புரோகிராமின் மெமரியில் பாஸ்வேர்டு இருந்தால் அது ஸ்வாப் வழியாக டிஸ்க்குக்குப் போகலாம், கிராஷ் ஆனால் கோப்பில் விழலாம், டீபக்கர் போட்டு எடுக்கலாம். அதோடு, கர்னலுக்கே சாவி தேவைப்படும் இடங்கள் உண்டு. டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் டிஎம்-கிரிப்ட், கோப்புகளைக் குறியாக்கும் எஃப்எஸ்கிரிப்ட், நெட்வொர்க் கோப்புகளுக்கான கெர்பரோஸ் அடையாளச் சீட்டு, கர்னலில் ஏற்றும் மாட்யூலின் கையெழுத்தைச் சரிபார்க்கும் சான்று. இதற்காக டேவிட் ஹௌவெல்ஸ் எழுதிய பகுதி 2004-ல் 2.6.10 பதிப்பில் வந்தது. செக்யூரிட்டி/கீஸ் என்ற டைரக்டரிக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து பேச மூன்றே சிஸ்டம் கால், அதாவது புரோகிராம் கர்னலைக் கூப்பிடும் வழிகள்: ஆட்_கீ, ரிக்வெஸ்ட்_கீ, கீசிடிஎல்.

கொத்து என்பதும் ஒரு சாவிதான், மற்ற சாவிகளைக் கோத்து வைத்திருக்கும் சாவி. திரெட்டுக்கு ஒன்று, புராசஸுக்கு ஒன்று, செஷனுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று என்று அடுக்கு. சாவிகளில் வகைகள் உண்டு. "யூசர்" வகையை அனுமதி உள்ளவர் திரும்பப் படிக்கலாம், ஒன்றில் 32,767 பைட் வரை வைக்கலாம். "லாகான்" வகையை உள்ளே போடத்தான் முடியும், எந்தப் புரோகிராமும் வெளியே படிக்க முடியாது. சாதாரணப் பயனருக்கு வழக்கமான அளவு 200 சாவி, மொத்தம் 20,000 பைட்.

உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். கீசிடிஎல் ஷோ என்று அடித்தால் மரம்போல விரியும். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள் அடித்தால் மறுக்கப்படும். எந்தச் சிஸ்டம் கால்களை அனுமதிப்பது என்று சொல்லும் டாக்கரின் இயல்பான செக்காம்ப் பட்டியல் இந்த மூன்று கால்களையும் தடுத்து வைத்திருக்கிறது, சாவிகள் கன்டெய்னர்வாரியாகப் பிரிந்து நிற்பதில்லை என்பதால். அடுத்த வீட்டுச் சாவியும் ஒரே சுவரில் தொங்குகிறது என்றால் சுவர்ப் பக்கமே போகாதே என்கிற ஏற்பாடு.

2 செப்டம்பர்

நான் விட்ட ஒரு தவறை எழுத நாலு நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு நெட்வொர்க் கருவிக்கான கர்னலை எங்கள் டீம் பார்த்துக்கொண்டது. வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை வைக்க எங்களுக்கென்று ஒரு சாவி வகை எழுதினோம். எழுதியவர் என் நண்பர், ரிவ்யூ செய்தது நான். காரைக்குடியிலிருந்துதான் வேலை, பேசிக்கொள்வதெல்லாம் போனில். அந்த ஃபங்ஷன் மெமரி வாங்கும், பாஸ்வேர்டை அதில் நகல் எடுக்கும், உருவம் சரியா என்று பார்க்கும். சரி என்றால் சாவியில் பொருத்தும், தப்பு என்றால் மெமரியை விட்டுவிட்டுப் பிழை எண்ணோடு திரும்பும். சாவி வேலை முடிந்து அழியும் இடத்தில் கேஃப்ரீ_சென்சிடிவ் போட்டிருந்தார். அது உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் மெமரியை விடும். பிழையோடு திரும்பும் இடத்தில் வெறும் கேஃப்ரீ. துடைக்காது.

நான் அதைப் படித்தேன். மெமரியை விடுகிறாரா, விடுகிறார். லீக் இல்லை. சரி என்று எழுதினேன்.

தப்பான உருவத்தில் வரும் பாஸ்வேர்டு என்றால் என்ன? பெரும்பாலும் சரியான பாஸ்வேர்டுதான், கடைசியில் ஓர் இடைவெளியோ எண்ட்டரோ ஒட்டிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு கருவி கிராஷ் ஆனது, மெமரி நகல் எங்களுக்கு வந்தது. அதைத் திறந்த ஆள் போன் செய்து, "இங்கே ஒருத்தரோட பாஸ்வேர்டு எழுத்தெழுத்தாக் கெடக்குது" என்றார். கேட்டதும் எனக்குக் கை சில்லிட்டுப்போனது.

வாடிக்கையாளரிடம் சொன்னோம், அவர் மாற்றிக்கொண்டார், பெரிய கேடு நடக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் ரிவ்யூ செய்தவர் என்று என் பெயர் இருக்கிறது, அது அழியாது. அழியவும் கூடாது.

அன்றிலிருந்து பிழை வழிகளை மட்டும் தனியாகப் படிக்கிறேன். முதலில் ஃபங்ஷனின் அடியிலிருந்து மேலே. ஒவ்வொரு ரிட்டர்னிலும் நின்று, இந்த இடத்தில் கையில் என்னென்ன இருக்கிறது, எதை வைக்க வேண்டும், எதைத் துடைக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதுவேன். நேர் வழியை எழுதியவரே பத்து தடவை ஓட்டிப் பார்த்திருப்பார், அது எனக்குக் கடைசிதான்.

3 செப்டம்பர்

"கேஃப்ரீக்கு முன்னால் மெம்செட் போட்டுப் பூஜ்யம் நிரப்பினால் போதாதா?" நல்ல கேள்வி. போதும் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், "இதற்குப் பிறகு இந்த இடத்தை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுவது வீண்" என்று கணக்குப் போட்டு அந்த மெம்செட்டையே எடுத்துவிடலாம். கம்பைலரைக் குறை சொல்ல முடியாது, அதன் விதிப்படி சரி. அதனால்தான் 2014-ல் மெம்ஜீரோ_எக்ஸ்ப்ளிசிட் வந்தது, கம்பைலர் அதைத் தொடாது. துடைத்துவிட்டு மெமரியை விடும் ஃபங்ஷனுக்குக் கேஇசட்ஃப்ரீ என்று பெயர் இருந்த காலத்தில் அதன் உள்ளேயே மெம்செட்தான் இருந்தது. 2020-ல் அதை மாற்றினார்கள், அதே வருஷம் பெயரும் கேஃப்ரீ_சென்சிடிவ் ஆனது.

பெயர் மாற்றம் எனக்குப் பெரிய உதவி. வெறும் இசட் என்ற எழுத்தைக் கண் தாண்டிவிடும். சென்சிடிவ் என்று எழுதியிருந்தால் பக்கத்தில் இருக்கும் வெறும் கேஃப்ரீ பளிச்சென்று தெரிகிறது.

9 செப்டம்பர்

எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறு வகை ஒன்று. இதை முதல் தடவை படித்தபோது எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆனது.

சாவி இல்லை என்பதையும் கர்னல் ஒரு சாவியாக வைத்துக்கொள்ளும். ஒரு சாவியைத் தேடி, வெளியே ஆள் அனுப்பிக் கேட்டு, கிடைக்கவில்லை என்று தெரிந்தால், "இல்லை, காரணம் இது" என்று ஒரு எதிர்மறைச் சாவியை அந்த இடத்தில் மாட்டிவைக்கும். அடுத்தவர் கேட்டால் மறுபடி வெளியே ஓட வேண்டாம். பிறகு உண்மைச் சாவி வந்தால் அதே இடம் நல்ல சாவியாக மாறும்.

2017 வரை இதைப் பல துண்டுகளாக வைத்திருந்தார்கள். "நிரப்பியாயிற்று" என்று ஒரு கொடி, "எதிர்மறை" என்று ஒரு கொடி, காரண எண் வேறோர் இடத்தில். அந்தக் காரண எண் இருக்கும் இடமும், நல்ல சாவியில் உள்ளடக்கத்தின் முகவரி இருக்கும் இடமும் ஒன்றே. ஒரு சிபியு எதிர்மறைக் கொடியைப் பார்க்கிறது, "சரி, காரணத்தைப் படிப்போம்" என்று அடுத்த அடி வைக்கிறது. அதற்குள் இன்னொரு சிபியு சாவியை நல்லதாக்கி, அதே இடத்தில் முகவரியை எழுதிவிடுகிறது. முதல் சிபியு அந்த முகவரியைப் பிழை எண் என்று படித்துவிடும். சிவிஇ-2017-15951.

இரண்டு இடத்தைப் பார்த்து ஒரு முடிவுக்கு வருகிறவர் யாருக்கும் இது நடக்கும். அப்பா ஆணியைப் பார்த்துவிட்டுச் சிட்டையைத் திறப்பதற்குள் அம்மா சாவியை வாங்கி மாட்டிவிடுவார். சிட்டை வெளியே என்கிறது, ஆணி உள்ளே என்கிறது.

திருத்தம் அழகானது. மூன்றையும் ஸ்டேட் என்ற ஒரே எண்ணில் அடக்கிவிட்டார்கள். பூஜ்யம் என்றால் இன்னும் நிரப்பவில்லை, ஒன்று என்றால் நல்ல சாவி, கழித்தல் எண் என்றால் எதிர்மறை, அந்த எண்ணே காரணம். ஒரு தடவை படித்தால் எல்லாம் தெரிந்துவிடும், இரண்டு பார்வைக்கு நடுவே மாற ஒன்றுமில்லை. உள்ளடக்கத்தை எழுதி முடித்த பிறகே ஸ்டேட் மாறியது பிறருக்குத் தெரியும்படி எழுதும் முறையும் படிக்கும் முறையும் கட்டப்பட்டிருக்கின்றன.

இந்த மாதிரித் திருத்தத்துக்கு லாக் ஒன்றை, ஒருவர் முடிக்கும் வரை மற்றவரை நிறுத்தும் பூட்டை, சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். பலர் அதைத்தான் செய்வோம். அவர்கள் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்கினார்கள்.

10 செப்டம்பர்

நேற்றைய உதாரணத்தில் அம்மாவை இழுத்ததற்கு வீட்டில் கண்டனம். சாவியை மாட்டினால் சிட்டையிலும் அம்மாவே கோடு அடித்துவிடுவாராம். அப்படியென்றால் எங்கள் வீட்டில் இந்த ரேஸ், அதாவது ஒருவர் பார்ப்பதற்குள் இன்னொருவர் மாற்றிவிடும் குழப்பம், இல்லை, பதிவு செய்கிறேன்.

16 செப்டம்பர்

முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். "திருத்தம் ஒரு வரி, கீ_புட்" என்று எழுதியிருக்கிறேன், கீ_புட் என்னவோ எப்போதும் நம்பக்கூடிய பொருள் என்பதுபோல. இந்த வருஷமே அந்தக் கீ_புட்டின் உள்ளே ஓர் ஓட்டையைத் திருத்தியிருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் குறிப்புகள் பாதிதான்.

கீ_புட் செய்வது இது: எண்ணிக்கையில் ஒன்று கழிக்கும், பூஜ்யம் ஆனால் குப்பை அள்ளும் வேலையை எழுப்பிவிட்டுப் போய்விடும். மெமரியை விடுவது குப்பை அள்ளுகிறவரின் வேலை. பழைய விதி ஒன்று இருந்தது: பூஜ்யம் ஆன அந்தக் கணத்துக்குப் பிறகு கீ_புட் அந்தச் சாவியைத் தொடவே கூடாது. குப்பை அள்ளுகிறவர் எந்த நொடியிலும் வந்து எடுத்துப் போயிருக்கலாம்.

2024-ல் ஒரு நல்ல எண்ணத்தோடு ஒரு மாற்றம் வந்தது. சாவியை விட்டதும் பயனரின் அளவு, அந்த 200 சாவி கணக்கு, உடனே குறைவதில்லை. குப்பை அள்ளும் வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் புதுச் சாவி போட்டால் "இடமில்லை" என்று வரும். அதனால் அளவைக் குறைக்கும் வேலையைக் கீ_புட்டின் உள்ளேயே கொண்டுவந்தார்கள், எண்ணிக்கை பூஜ்யம் ஆன பிறகு. யாருடைய அளவைக் குறைப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்குச் சாவியைத் திறந்து பார்க்க வேண்டும். விதி அங்கே உடைந்தது. விடுவித்த மெமரியைத் தொடும் நிலை.

2025-ல் ஹௌவெல்ஸ் திருத்தினார். குப்பை அள்ளுகிறவர் இனி எண்ணிக்கை பூஜ்யமா என்று பார்ப்பதில்லை. கீ_புட் தன் வேலை எல்லாம் முடிந்தபின் கடைசியாக ஒரு கொடியை ஏற்றும், அந்தக் கொடி இருந்தால் மட்டும் அள்ளலாம்.

இதில் என்னைத் தொந்தரவு செய்வது ஒன்றுதான். 2024-ன் மாற்றம் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்திருந்தால் நான் பிடித்திருப்பேனா? பல தடவை நினைத்துப் பார்த்தேன். அளவு சரியாகக் குறைகிறதா, லாக் சரியா என்று பார்த்திருப்பேன். "இந்த வரிக்குப் பிறகு இந்தப் பொருள் இன்னும் என்னுடையதுதானா" என்ற கேள்வியைக் கேட்டிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது என் காகிதத்தில் அந்தக் கேள்விக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்.

24 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "இத்தனை கண் பார்த்தும் 2013-லிருந்து 2016 வரை தெரியவில்லை, 2024-லும் நுழைந்துவிட்டது. அப்புறம் கண்ணை நம்பி என்ன பயன்?"

நியாயம். இதில் பாதி அவர் பக்கம்தான். 2017-ல் எரிக் பிக்கர்ஸ் என்ற கர்னல் டெவலப்பர் இந்தப் பகுதியில் வரிசையாகத் திருத்தங்கள் செய்தார். உள்ளடக்கமே கொடுக்காமல் நீளம் மட்டும் கொடுத்து ஆட்_கீ கூப்பிட்டால் கர்னல் விழும், இது ஒன்று. திரெட்டின் சாவிக்கொத்து திரும்பத் திரும்ப உருவாகி மெமரி ஒழுகும், இது ஒன்று. முதலாவதை வாசிக்கும்போது மனிதனுக்குத் தோன்றாது, யார் அப்படிக் கூப்பிடுவார் என்று கடந்துவிடுவோம். கண்டபடி சிஸ்டம் கால்களை அடித்துப் பார்க்கும் சிஸ்கேல்லர் மாதிரி இயந்திரத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை. காசான், லாக்டெப் என்று கர்னலின் சோதனைக் கருவிகள் உண்டு: விடுவித்த மெமரியைத் தொட்டால் காசான் கத்தும், பூட்டுகளின் வரிசை குழம்பினால் லாக்டெப் கத்தும். ரிவ்யூவுக்கு அனுப்பும் முன் இவற்றோடு ஓட்டியே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

ஆனால் என் பாஸ்வேர்டு கதையில் எது கத்தியிருக்கும்? ஒன்றும் கத்தாது. மெமரி முறையாக விடப்பட்டது, யாரும் அதற்குப் பின் தொடவில்லை. துடைக்கவில்லை என்பது தவறு என்று அது பாஸ்வேர்டு என்று தெரிந்த ஆளுக்குத்தான் தெரியும்.

மூன்று நாள் பற்றியும் ஒன்று. உண்மையில் படிக்க எனக்கு நாலு மணி நேரம் போதும், மீதி வரிசையில் காத்திருப்பு. அது எழுதியவருக்குச் செய்யும் அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். அந்த நாலு மணியையும் குறைக்க எழுதுகிறவரால் முடியும். கமிட் செய்தியில், அதாவது மாற்றத்தோடு சேர்த்து எழுதும் விளக்கத்தில், "லீக் சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வழியில் நுழைந்து, எங்கே கூட்டி, எங்கே கழிக்காமல் போனது என்று மூன்று வாக்கியம். எந்தக் கமிட்டில் தவறு நுழைந்தது என்று ஃபிக்ஸஸ் வரி. அந்த ஒரு வரி இருந்தால் பழைய பதிப்புகளைப் பார்த்துக்கொள்பவர்கள் தங்களுக்கு இது வேண்டுமா என்று ஒரு நொடியில் முடிவு செய்வார்கள்.

6 அக்டோபர்

கேள்வி கேட்டவர் தன் பேட்ச்சையே, அந்த ஒரு வரி மாற்றத்தையே, எனக்கு அனுப்பிவிட்டார். ஒரு வரி என்று சொன்னது உண்மைதான், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் ஃபங்ஷன் தொண்ணூறு வரி. அவர்களுடைய சொந்தச் சாவி வகையின் உள்ளடக்கத்தைப் பயனருக்குப் படித்துக் கொடுப்பது.

மாலையில் கானாடுகாத்தான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரின்ட் எடுத்த தாளில் படித்தேன். மழைக்கு முன் ஓடு மாற்ற ஆள் வந்திருந்ததால் அப்பா உள்ளே, எனக்கு நல்ல வெளிச்சம். வெளியேறும் வழிகள் ஐந்து. அவர் கீ_புட் சேர்த்தது மூன்றாவதில், சரியான இடம். நான்காவதிலும் அதே குறை இருந்தது, அதையும் குறித்து அனுப்பினேன்.

9 அக்டோபர்

இரண்டாம் பதிப்பு வந்தது. ஐந்து வழியிலும் கணக்கு நேராக இருக்கிறது, கமிட் செய்தி இப்போது தெளிவு, ஃபிக்ஸஸ் வரியும் உண்டு. அவருடைய வரிக்கு நான் சம்மதம் எழுதிவிட்டேன்.

ஆனால் அடியிலிருந்து மேலே படித்து வரும்போது, அவர் தொடாத ஒரு பழைய இடம் கண்ணில் பட்டது. சாவியின் செமஃபோரை, அதாவது அதன் பூட்டை, பிடித்துக்கொண்டே பயனரின் மெமரிக்கு நகல் எடுக்கிறார்கள். பயனரின் மெமரிப் பக்கம் (பேஜ்) அப்போது ராமில் இல்லாவிட்டால் கர்னல் அதை வரவழைக்கப் போகும், அங்கே வேறு பூட்டு. இன்னொரு பக்கம் அந்தப் பூட்டைப் பிடித்தவர் இந்தச் செமஃபோருக்குக் காத்திருந்தால் இரண்டும் நின்றுவிடும். மூலக் கர்னலில் கீசிடிஎல் வழிப் படிப்புக்கு இதை 2020-ல் மாற்றினார்கள். முதலில் கர்னலின் தற்காலிக இடத்தில் நகல், பிறகு செமஃபோரை விடுதல், அப்புறம்தான் பயனருக்கு. தற்காலிக இடத்தைத் துடைத்துவிட்டு விடுதல்.

இதை அவருடைய பேட்ச்சோடு சேர்க்க வேண்டாம், தனியாக இரண்டாவது பேட்ச்சாக அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறேன். தற்காலிக இடத்தை விடும் இரண்டு வழிகளிலும் கேஃப்ரீ_சென்சிடிவ்தானா என்று முதலில் பார்ப்பேன் என்றும்.